கூலியாளாய் வந்த கோமான்

(ஆவணி மூலத் திருவிழாச் சொற்பொழிவு)



ஆவணி மூலம் என்றால் மதுரை மக்களுக்குப் பிட்டுத் திருவிழா. ஆலவாய் அண்ணல் நிகழ்த்திய அறுபத்து நான்கு திருவிளையாடல்களுள் அறுபத்தோராவதாகப் பரஞ்சோதி முனிவர் வைத்த மண் சுமந்த படலத்தை நாம் இளமை தொட்டுக் கேட்டு வருகின்றோம். வந்தியின் பெயரை அறியாத பிள்ளை இவ்வூரில் இல்லை. ஆயினும் அந்தக் கதையில் ஒரு சொல்லை நாம் விரைந்து கடந்துவிடுகின்றோம். அது 'கூலி' என்னும் சொல். இன்று அதனைச் சற்று நின்று பார்ப்போம்.

வையை பெருகிக் கரையை உடைத்தது. மன்னன் ஆணையால் ஊரார்க்கெல்லாம் கரை அளந்து பங்கு பிரிக்கப்பட்டது. குளத்துக்கும் ஆற்றுக்கும் கரை காக்கும் பொறுப்பைக் குடிகள் பகிர்ந்துகொள்ளும் இம்முறையைத்தான் பிற்காலத்தார் குடிமராமத்து என்றனர். உடையவர் ஆள் அனுப்பினர்; இல்லாதவர் தாமே கூடை எடுத்தனர். பிட்டு விற்றுப் பிழைத்த வந்திக்கு இரண்டுமே இயலவில்லை. முதுமை வாட்டியது, பெற்ற மக்கள் இல்லை, ஆள் அமர்த்தப் பொருளும் இல்லை. அவளுக்கு அன்று வேண்டியிருந்தது வரம் அன்று, மண் சுமக்க ஓர் ஆள். அழுக்குத் துணியும், தலையில் சும்மாடும், அதன்மேல் கவிழ்த்த கூடையும், தோளில் மண்வெட்டியுமாக, 'கூலிக்கு ஆள் வேண்டுவார் உண்டோ?' என்று தெருவிலே கூவிக்கொண்டு வந்து நின்றார் சொக்கர்.

விறகு விற்றதும் அவரே. வலை வீசியதும் அவரே. தாயிழந்த பன்றிக் குட்டிகளுக்குப் பால் சுரந்ததும் அவரே. எந்தத் தொழிலை உலகம் இழிந்தது என்று ஒதுக்கிற்றோ, அந்தத் தொழிலைத் தேடித் தேடிச் செய்திருக்கின்றார். இதனைத் தற்செயல் என்று நாம் கருதவில்லை.

அவர் பேசிய கூலியையும் பாருங்கள். முழுப்பிட்டு விற்பனைக்கு, உதிர்ந்தது கூலிக்கு. உழைப்பவன் பங்குக்கு உதிர்ந்ததுதானே எந்நாளும் வந்திருக்கின்றது! நெல்லெல்லாம் வீடு சேர்ந்த பிறகு களத்தின் அடியில் மண்ணோடு கலந்து கிடந்ததைக் கூட்டி அள்ளிக்கொண்டு போனவர்களை நம்மில் முதியோர் கண்டிருப்பர். அன்று வந்தி அவித்த பிட்டெல்லாம் உதிர்ந்தே விழுந்தது என்று கதை சொல்வோர் சுவைபடச் சொல்வார்கள். இறைவனுக்கு வயிறு நிறைந்தது. களம் கூட்டியவனுக்கு அப்படி நிறைந்ததாக நாம் கேட்டதில்லை.

உண்டார், ஆடினார், உறங்கினார். வந்தியின் பங்கு மட்டும் அடைபடாமல் கிடந்தது. அரசன் வந்தான், பிரம்பை ஓங்கினான், அடித்தான். அந்த அடி அரசன் முதுகிலும் அரசி முதுகிலும் அமைச்சர் முதுகிலும் விழுந்தது. நின்ற உயிர்கள் எல்லாவற்றின்மேலும் பட்டது. இறைவன் எல்லா உயிரிலும் நிறைந்தவன் ஆதலின் அவன்மேல் பட்டது எங்கும் பட்டது என்பது சித்தாந்தம். சரி. ஆனால் அந்த அடி விழுந்தது அரியணையில் இருந்த உருவத்தின்மேல் அன்று, கூலியாள் உருவத்தின்மேல் என்பதை மறந்துவிட்டுச் சித்தாந்தம் பேசுவது எளிது.

நால்வகை வருணம் பேசும் நூல்கள் உழைப்பவனைத் திருவடியிற் பிறந்தவன் என்றன. தாழ்த்துவதற்காகச் சொன்ன சொல் அது. சைவர்களாகிய நமக்கோ திருவடியினும் உயர்ந்த பேறு இல்லை. இவ்வாறு மேடையில் விளக்கம் சொல்லிக் கைதட்டு வாங்கிவிடலாம். விளக்கத்தால் கதவு திறந்ததா என்பதே கேள்வி. தமிழ்நாட்டு வயல்களில் சேற்றில் நின்றவர்களிற் பெரும்பாலோரை அந்த நான்கிலும் சேர்க்காமல், ஊருக்குப் புறத்தே சேரி வைத்துத் தள்ளினோம்.

ஆதனூர் நந்தனாரை நினையுங்கள். கோயில் பேரிகைக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் அவர் தந்தார் என்கிறார் சேக்கிழார். தோல் உள்ளே போயிற்று. தோல் தந்தவர் வெளியே நின்றார். (அவரை வருத்திய கொடிய பண்ணையாரைப் பெரிய புராணத்தில் தேட வேண்டா; அவர் கோபாலகிருஷ்ண பாரதியாரின் கீர்த்தனையில் வந்தவர்.)

நம்மூர்ச் செய்தியும் ஒன்று உண்டு. திருமலை நாயக்கர் தம் மகாலுக்குச் செங்கல் அறுக்க வண்டியூரில் மண் எடுத்த பள்ளமே 1645இல் தெப்பக்குளம் ஆயிற்று என்றும், அப்படித் தோண்டியபோது கிடைத்தவரே நம் முக்குறுணிப் பிள்ளையார் என்றும் வழிவழியாகச் சொல்கின்றோம். அவரை முதலில் கண்ட கண் யாருடைய கண்? மண்வெட்டி பிடித்தவனுடைய கண் அல்லவா? பிள்ளையார் கோயிலுக்குள் எழுந்தருளினார். மண் வெட்டியவர்களுள் தீண்டாதார் எனப்பட்ட குலத்தார் இருந்திருந்தால், அவர்தம் வழியினர் அப்பிள்ளையாரைக் காண ஏறத்தாழ முந்நூறு ஆண்டு காத்திருக்க வேண்டியதாயிற்று.

நாடார் குலத்தாரும் அப்படியே வெளியே நின்றனர். 1897இல் கமுதிக் கோயிலில் அவர்கள் நுழைந்ததற்காக எழுந்த வழக்கு கடல் கடந்து இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. அக்கோயிலில் வீற்றிருப்பவரும் மீனாட்சி சுந்தரேசுவரரே.

1939ஆம் ஆண்டு சூலை 8ஆம் நாள் அ. வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்ட குலத்தார் ஐவரையும் நாடார் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அங்கயற்கண்ணி திருக்கோயிலுக்குள் சென்றார். கோயில் நிருவாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு துணை நின்றார். இராஜாஜி அரசு முதலில் அவசரச் சட்டத்தாலும், பின்னர் அவ்வாண்டிலேயே நிலையான சட்டத்தாலும் அதற்குக் காவல் செய்தது. 1934இல் மதுரைக்கு வந்தும், எல்லார்க்கும் திறவாத கோயில் என்று உள்ளே செல்லாதிருந்த காந்தியடிகள், 1946இல் வந்து வழிபட்டார்.

அப்போது எதிர்த்தவர்கள், அம்மை கோயிலை விட்டு வெளியேறிவிட்டாள் என்று சொல்லி வேறோர் இடத்தில் பூசை நடத்தினார்கள். நாம் ஒன்று சொல்வோம். அம்மை கோயிலை விட்டு வெளியேறுவது உண்டு. ஆவணி மூலத்தன்று அம்மையும் அப்பனும் ஒருசேரப் புறப்பட்டு, கோயில் நடை சாத்தியிருக்க, வையைக் கரையில் பிட்டுத்தோப்பு மண்டபத்துக்கு எழுந்தருளுகின்றார்கள். திருவாதவூரிலிருந்து மாணிக்கவாசகரும், பரங்குன்றிலிருந்து முருகனும் அங்கே வந்து சேர்கின்றார்கள். எதற்காக? கூலியாள் மண் சுமந்த கதையைக் கொண்டாடுவதற்காக. உழைப்பவன் தீண்டினான் என்று அவள் வெளியேறினாள் என்பது அவள் இயல்பை அறியாதார் பேச்சு. அவள் வெளியே வந்தால் அவனிருக்கும் கரைக்கே வருவாள்.

அன்று ஐயருடன் நுழைந்தவர்களுள் ஒருவர் மேலூரை அடுத்த தும்பைப்பட்டியிற் பிறந்த கக்கன். 1957இல் காமராசர் அமைச்சரவையில் பொதுப்பணித் துறை அவர் கைக்கு வந்தது. 1959இல் வையை அணை திறக்கப்பட்டபோது அத்துறைக்கு அமைச்சர் அவரே. பாண்டியன் காலத்தில் கரை அடைத்தவர் கூலியாள். நம் காலத்தில் அதே ஆற்றுக்கு அணை எழுந்தபோது பொறுப்பில் இருந்தவர், அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்வரை கோபுர வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்ட குலத்தவர். இதை இன்னொரு திருவிளையாடல் என்று யாரேனும் சொன்னால் நாம் மறுக்க மாட்டோம்.

பழங்கதை பேசி முடித்துவிட்டோம் என்று எழுந்துவிடாதீர்கள். தேவகோட்டைக்கு அருகில் கண்டதேவியில் சொர்ணமூர்த்தீசுவரர் தேர் இருக்கின்றது. வடத்தை யார் யார் பிடிப்பது என்று 1998இல் பூசல் மூண்டது. அதனாலும் பின்னர்த் திருப்பணியாலும் அந்தத் தேர் பல்லாண்டு அசையாமல் நின்றது. நீதிமன்றம் தலையிட்டு, காவலர் சூழ, 2024ஆம் ஆண்டு ஆனியில்தான் மீண்டும் நிலை பெயர்ந்தது. கூடை சுமந்த பெருமானுடைய தேரை இழுக்கவும் காவல் வேண்டியிருக்கின்றது. இன்று பிட்டுத்தோப்பில் பட்டர் கையில் பொன் மண்வெட்டியைக் காணும்போது அந்த வடத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள். நேரம் ஆகின்றது, சுவாமி புறப்படும் மேளம் கேட்கின்றது.