கேஸ் எங்கே போனது?

(முன்னாள் மாணவர் மறுசந்திப்பு நாளன்று திருவேட்டக்குடி வளாகத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



"பழைய மாணவன் நீ, உன் சாதனை எதையாவது சொல்லு" என்று விழாக் குழு நண்பர்கள் கேட்டார்கள். சாதனை என்று சொல்லிக்கொள்ள என்னிடம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் ஒரு தவறு இருக்கிறது. அது உங்களுக்குப் பயன்படும் என்பதால் அதையே சொல்ல வந்திருக்கிறேன்.

2010-இல் தொடங்கிய நம் கழகத்தின் ஆரம்பகால மாணவர்களில் நானும் ஒருவன். படித்தது ட்ரிப்பிள் இ. எங்கள் வீடு இங்கிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான். மாடியில் நின்றால் அலைச் சத்தம் கேட்கும். 2019-இல் அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை ஆனதும், வெயில் தாங்கமாட்டார் என்று ஒரு டன் ஏ.சி. ஒன்று வாங்கி மாட்டிவிட்டு நான் சென்னைக்குப் போய்விட்டேன்.

அடுத்த ஏப்ரலில் அம்மா போன் செய்தார்கள். "தம்பி, ஏசி காத்து மட்டுந்தான்டா வருது, குளிரவே இல்லை." ஒரு மெக்கானிக் வந்து பார்த்து "கேஸ் கம்மி சார்" என்றார். போனிலேயே 2,500 ரூபாய் அனுப்பினேன். மறு வருஷமும் அதே ஏப்ரல், அதே வார்த்தை, அதே 2,500. 2022-இல் மூன்றாவது தடவை. நானும் ஏதோ ஸ்கூட்டருக்குப் பெட்ரோல் போடுகிற மாதிரி அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

தம்பிகளே, இங்கேதான் என் முதல் தவறு. ஏ.சி.யில் கேஸ் என்பது செலவாகிற பொருள் அல்ல. மூடிய செம்புக் குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. உள்ளே ஆவியாகி அறையின் வெப்பத்தை வாங்குகிறது, வெளியே திரவமாகி அதை விட்டுவிடுகிறது. கசிவு இல்லாவிட்டால் பத்து வருஷமானாலும் குறையாது. குறைந்தது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். அந்த மெக்கானிக் சொன்னது பொய்யல்ல, கேஸ் குறைந்துதான் இருந்தது. "அப்போ அது எங்கே போச்சு?" என்று கேட்காதவன் நான்தான்.

அந்த மூன்றாவது தடவைக்குப் பத்து நாள் கழித்து மறுபடியும் போன். "மாடியில் துணி எடுக்கும்போது அந்த ஏசி பொட்டியில் கை பட்டுச்சுடா, சுருக்குன்னு இழுத்துச்சு." அன்று இரவே பஸ் ஏறிவிட்டேன்.

ஊரில் ஐ.டி.ஐ. படித்த ஒரு இளைஞரை அழைத்துப்போனேன். அவர் முதலில் மெயினை அணைத்தார், பிறகுதான் பெட்டியைத் திறந்தார். உப்புக்காற்றில் திருகாணிகள் இற்றுப்போய்த் தகடு ஆடிக்கொண்டிருந்தது. ஆடின துருத் தகட்டின் ஓரம், ஃபேன் மோட்டார் ஒயரின் மேலுறையை அறுத்துவிட்டிருந்தது. அதனால்தான் பெட்டி முழுக்கக் கரண்ட். "எர்த் இருந்தா ட்ரிப் ஆகியிருக்கணுமே அண்ணே" என்று சொல்லிக்கொண்டே கீழே வந்து ப்ளக் பாயின்டைக் கழற்றினார். மூன்று துளை இருந்தது, பின்னால் இரண்டு ஒயர்தான் இருந்தது. எர்த் துளை வெறும் அலங்காரம்!

எர்த்திங் பாடத்தில் நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். என் வீட்டில், என் அப்பா அம்மா தூங்குகிற அறையில், எர்த் இல்லை. அன்று அம்மா காலில் செருப்பு இருந்தது, தரை காய்ந்திருந்தது. மழை நாளாக இருந்திருந்தால் இன்று இந்த மேடையில் இதைப் பேசுகிற தைரியம் எனக்கு இருந்திருக்காது.

பிறகு அந்தத் தம்பி சோப்புத் தண்ணீரும் பழைய டூத் பிரஷ்ஷும் கேட்டார். வெளிப்பெட்டியில் குழாய் சேருமிடத்து நட்டைச் சுற்றி எண்ணெய்க் கறை. அங்கே சோப்பு நுரையைத் தடவினால் குமிழி குமிழியாக வருகிறது. அந்த ஒரு நட்டுதான் மூன்று வருஷமாக என் காசைத் தின்றது. குழாய் முனையை வெட்டிப் புதிதாக விரித்து இறுக்கினார், நைட்ரஜன் ஏற்றி அழுத்தம் நிற்கிறதா என்று பார்த்தார், வாக்குவம் போட்டார், பெட்டியின் லேபிளில் உள்ள அளவுக்குத் தராசில் நிறுத்து கேஸ் ஏற்றினார். எர்த் ஒயர் இழுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் மாட்டினோம். அதன்பின் இதுவரை கேஸ் போடவில்லை.

அன்றிலிருந்து நான் படித்துத் தெரிந்துகொண்டதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குளிர்ச்சி குறைந்தால் கேஸ் என்பது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். முதலில் ரிமோட்டைப் பாருங்கள். தவறி ஃபேன் மோடில் இருக்கும், சிரிக்காதீர்கள், என் வீட்டிலேயே நடந்திருக்கிறது. அடுத்து ஃபில்டர். வெயில் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவி நிழலில் உலர்த்திப் போடுங்கள். பிறகு வெளிப்பெட்டி ஓடுகிறதா, அதன் காயிலில் தூசி அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண, அதாவது இன்வெர்ட்டர் அல்லாத ஏ.சி.யில் 'ம்ம்ம்' என்ற உறுமல் மட்டும் வந்து கம்ப்ரஸர் கிளம்பாவிட்டால் பெரும்பாலும் கெப்பாசிட்டர்தான். விலை குறைந்த பொருள். ஆனால் மெயினை அணைத்த பிறகும் அதில் சார்ஜ் நிற்கும், நீங்கள் கை வைக்காதீர்கள். உள்ளே காயிலில் ஐஸ் பிடித்தால் காற்று அடைப்போ கேஸ் குறைவோ இருக்கிறது. ஐஸைக் கத்தியால் சுரண்டாமல் கூலிங்கை நிறுத்தி ஃபேனில் மட்டும் ஓட விட்டால் தானாகக் கரையும்.

சுவரில் தண்ணீர் ஒழுகினால் பயப்பட வேண்டாம். 1902-இல் அமெரிக்காவில் வில்லிஸ் கேரியர் முதன்முதல் ஏ.சி. அமைத்தது ஒரு அச்சகத்துக்காக. ஈரத்தில் காகிதம் நீண்டு சுருங்குவதைத் தடுப்பதே நோக்கம். ஆக, காற்றில் உள்ள ஈரத்தைப் பிழிவது அதன் பிறவித் தொழில். நம் கடலோரக் காற்றில் அந்த ஈரத்துக்குப் பஞ்சமா? வடிகுழாய் அடைபடாமலும், சரிவு மாறாமலும், முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்காமலும் இருந்தால் போதும்.

நம் ஊருக்கென்று தனியாக ஒன்று உண்டு, உப்பு. செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் ஒட்டியிருக்கிற இடத்தில் உப்பு ஈரம் பட்டால், அது பாடப்புத்தகத்தில் படித்த மின்கலமேதான். அலுமினியம் அரிந்துகொண்டே போகும். எனவே மாதம் ஒருமுறை, பிரேக்கரை அணைத்துவிட்டு, வெளிப்பெட்டியின் காயிலை நல்ல தண்ணீரால் மெதுவாக அலசுங்கள். நல்ல தண்ணீர் என்று அழுத்திச் சொல்கிறேன். கடலோரத்தில் பல வீட்டுப் போர் தண்ணீரே உப்பு, உப்பை உப்பால் கழுவி என்ன பயன்? பிரஷர் பம்ப் வேண்டாம், தகடு மடங்கிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் துருப்பிடிக்காத பூச்சு உள்ளதாகக் கேளுங்கள். பெட்டியைக் கடல் காற்று நேரே அடிக்காத பக்கமாக, ஆனால் காற்றோட்டம் உள்ள இடத்தில் வையுங்கள்.

இன்னொன்று. அந்த இடம் ஆள் நின்று வேலை பார்க்கக்கூடிய இடமாக இருக்கட்டும். இரண்டாம் மாடிச் சன்ஷேடில், பெல்ட் இல்லாமல், சித்திரை வெயிலில் ஒரு மனிதரை நிறுத்துகிறோம். நம் குளிர்ச்சிக்கு அவர் உயிரா விலை?

கேஸைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய ஆர்-22 ஓசோனைக் கெடுப்பது. அதைக் கொண்டு புது ஏ.சி. தயாரிப்பது நம் நாட்டில் 2025 பிறந்ததோடு நின்றுவிட்டது. எங்கள் வீட்டிலிருப்பது ஆர்-32. ஓசோனைக் கெடுக்காது, ஆனால் அதில் ஒரு கிலோ காற்றில் கலந்தால் ஏறத்தாழ 675 கிலோ கரியமில வாயு கலந்ததற்குச் சமம். லேசாகத் தீப்பிடிக்கவும் கூடும், ஆகவே கேஸ் வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் நெருப்பு வேண்டாம். அழுத்தம் பார்க்க நைட்ரஜன்தான் போட வேண்டும். ஆக்ஸிஜன் போட்டால் கம்ப்ரஸர் எண்ணெயோடு சேர்ந்து வெடித்துவிடும்.

மின் கட்டணம் பற்றிக் கேட்பீர்கள். 24 டிகிரியில் வைத்து மெதுவாக ஒரு மின்விசிறி ஓடட்டும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு.

தம்பி தங்கைகளே, நான்கு வருஷம் இந்த வளாகம் எனக்கு நிறையக் கற்றுக்கொடுத்தது. அதைச் சொந்த வீட்டில் பயன்படுத்தாதது என் குற்றம். இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போனதும் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். நல்ல எலெக்ட்ரீசியனை அழைத்து, உங்கள் வீட்டு ப்ளக் பாயின்டுகளில் எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கூட நின்று கவனியுங்கள். அந்த ஐ.டி.ஐ. தம்பியிடம் நான் கற்றுக்கொண்ட மாதிரி நீங்களும் கற்றுக்கொள்ளலாம்.

அப்பா இன்றும் அந்த அறையில்தான் மதியத் தூக்கம் போடுகிறார். அம்மா மட்டும் அந்தப் பெட்டிப் பக்கம் போனால் இன்னமும் செருப்பு போட்டுக்கொண்டுதான் போகிறார்கள். "எர்த் போட்டாச்சும்மா" என்றால், "நீ போன தடவையும் எல்லாம் சரியாயிருக்குன்னுதானே சொன்னே" என்கிறார்கள். பதில் சொல்ல முடியவில்லை.