காய்ச்சலும் பாய்ச்சலும்



தொடர்ந்து நில்லாது விட்டு விட்டு நிகழ்வதை இடைவிட்ட நிகழ்வு என்பர். அது நன்மைக்கும் உண்டு, தீமைக்கும் உண்டு. நெல்வயலில் எந்நேரமும் நீரைத் தேக்காமல், காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் விடும் முறையை உழவர் அறிவர். வயல் காயும் இடைவெளியில் மண்ணுள் காற்றுப் புகுகிறது. வேர் ஆழ இறங்குகிறது. முறைக்காய்ச்சலும் விட்டு விட்டே வருகிறது. இடைநாளில் உடல் குளிர்ந்திருப்பதைக் கண்டு மருந்தை நிறுத்துபவர் ஏமாறுவர்.

சினம், செருக்கு, மாயம், உலோபம் என்னும் நான்கு கஷாயங்களும் முறைக்காய்ச்சல் போன்றவை. அவை எப்போதும் வெளிப்பட்டு நிற்பதில்லை. தேற்றாங்கொட்டையால் தெளிந்த நீரின் அடியில் சேறு இருக்கிறது. குடம் அசைந்தால் நீர் மீண்டும் கலங்கும். வினை இவ்வாறு அடங்கியிருத்தலை உபசமம் என்றும், அடியோடு அழிதலை க்ஷயம் என்றும் ஆசாரியர்கள் பிரித்துரைத்தனர். குணஸ்தானங்கள் 14இல் 11ஆவதாகிய உபசாந்த மோகத்தை எட்டிய முனிவரும் அங்கிருந்து கீழிறங்கவே நேரும். அவ்வாறாயின், நான்கு நாள் சினம் எழாததைக் கொண்டு இல்லறத்தார் அமைதியுற்றுவிட இயலுமோ?

துறவியரைப் போல எந்நேரமும் மாவிரதத்தில் நிற்றல் இல்லறத்தார்க்கு அரிது. ஆகவே அவர்க்கு இடைவிட்ட நோன்புகள் வகுக்கப்பட்டன. சாமாயிகம் ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம். போசதோபவாசம் இரு அட்டமியும் இரு சதுர்த்தசியுமாகத் திங்களுக்கு 4 நாட்கள். இவை சிக்ஷா விரதங்கள் எனப் பெயர் பெற்றன. சிக்ஷை என்பது பயிற்சி. சாமாயிகத்தில் அமர்ந்த இல்லறத்தார், அந்நேரத்தில் ஆடை போர்த்திய முனிவருக்கு ஒப்பாவர் என்பது சமந்தபத்திரர் கருத்து.

அட்டமியன்று உண்ணாதிருந்தவர் நவமியன்று வேலையாளைக் கடிந்து பேசினால், அந்த நோன்பு வயிற்றோடு நின்றுவிட்டது. பாய்ச்சிய நீர் காயும் நாளிலும் வேருக்கு உதவுவது போல, நோன்பின் பயன் நோன்பில்லா நாளில் வெளிப்படவேண்டும். உழவர் மண்ணைப் பார்த்தே மீண்டும் மடை திறக்கிறார். மறந்துபோய் வயலைக் காயவிடுவதில்லை. "நேரம் வாய்த்தால் செய்வோம்" என்று நோன்பைத் தள்ளிவைப்பதோ மறதியால் காய்ந்த வயலுக்கு ஒப்பாகும்.

தசலட்சண பர்வம் ஆண்டில் 10 நாட்கள். அதன் முதல் அறம் பொறுமை. அந்நாட்களில் கேட்ட மன்னிப்பு எஞ்சிய நாட்களிலும் உறவைக் காக்குமாயின், பர்வம் தன் பயனைத் தந்ததாகும்.

அனைத்துயிரும் இன்புறுக! அறம் வளர்க!