ஆபரேஷனுக்குப் பின் தடுமாறும் நினைவு

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



சென்ற கூடுகையில் ஒரு அம்மையார் எங்களிடம், "ஐயா, மயக்க மருந்து கொடுத்தால் மூளை கெட்டுப்போகுமாமே, மெய்தானா?" என்று கேட்டார்கள். அதையே இன்று பேச எடுத்துக்கொண்டோம்.

நாங்கள் டாக்டர்கள் அல்ல. ஆனாலும் கட்டிலருகே நின்று ஜெபிக்கிறவர்களுக்கு இந்தக் காரியம் அந்நியமல்ல. இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் செய்யப்பட்ட முதியவர் முதல்நாள் மாலை நன்றாகப் பேசுவார். மறுநாள் இரவு சுவரில் பூச்சி ஊர்கிறது என்பார், டிரிப்ஸைப் பிடுங்குவார், பெற்ற மகளையே "நீ யாரம்மா?" என்பார். விடிந்ததும் தெளிவார், பொழுது சாய்ந்தால் மறுபடியும் குழம்புவார். வீட்டாரில் சிலர் பைத்தியம் என்று அழுவார்கள். சிலர் பிசாசின் கிரியை என்று எங்களை அழைத்துப்போவார்கள். நாங்கள் ஜெபிக்கிறோம், கூடவே டியூட்டி நர்ஸையும் கூப்பிடுகிறோம்.

டாக்டர்கள் இதை டெலிரியம் என்கிறார்கள். கிருமித் தொற்று, இரத்தத்தில் உப்புக் குறைவு, சிறுநீர் அடைப்பு, வலி, சில மருந்துகள், தூக்கமின்மை எல்லாம் இதைக் கிளப்பக்கூடும். காரணத்தைக் கண்டு சரிசெய்தால் பெரும்பாலோர் சில நாட்களில் தெளிவடைகிறார்கள். கூச்சலிடுகிறவரை எல்லாரும் கவனிப்பார்கள். பேசாமல் சுருண்டு படுத்திருக்கிறவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம். அவரைத்தான் "பாவம், தூங்குகிறார்" என்று விட்டுவிடுகிறோம்.

ஞாபக மறதி வேறு விஷயம். வீட்டுக்குப் போனபின் பெயர்கள் வாயில் வராது, அடுப்பில் வைத்த பால் மறந்துபோகும். 1998-ல் லான்செட் மருத்துவ இதழில் இதைப்பற்றிய பெரிய ஆய்வு ஒன்று வெளிவந்தது. பெரிய ஆபரேஷன் செய்துகொண்ட, 60 வயதும் அதற்கு மேலும் உள்ள 1,218 பேரைச் சோதித்தார்கள். ஒரு வாரத்தில் நூற்றுக்கு 26 பேரிடம் தளர்வு தெரிந்தது. மூன்று மாதத்தில் அது 10 பேராகக் குறைந்தது. ஆபரேஷனே செய்யாத முதியவர்களிலும் அதே காலத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 3 பேருக்கு அத்தளர்வு காணப்பட்டது. ஆகவே அந்த அம்மையாரின் பயம் வெறும் வதந்தி அல்ல. ஆனால் மிகுதிப்பேர் தேறிவிடுகிறார்கள்.

குற்றமெல்லாம் மயக்க மருந்தின்மேல்தானா? அப்படியானால் முதுகில் ஊசி போட்டுச் செய்தால் தப்பிக்கலாமே என்று பலர் வாதிடுகிறார்கள். 2021-ல் வெளியான அமெரிக்க, கனடா ஆய்வில் இடுப்பெலும்பு முறிந்த 1,600 பேரில் பாதிப்பேருக்கு முதுகு ஊசியும், மீதிப்பேருக்கு முழு மயக்கமும் கொடுத்தார்கள். குழப்பம் இருசாராரிலும் நூற்றுக்கு 20 பேர் அளவிலேயே வந்தது. ஆபரேஷனால் உடலில் எழும் அழற்சியும், ஏற்கெனவே தளர்ந்த மூளையும் பெரும் பங்கு வகிப்பதாகக் கருதுகிறார்கள். மயக்க மருந்துக்குப் பயந்து முறிந்த இடுப்போடு பாட்டியை வீட்டில் கிடத்திவைப்பதே எங்களுக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. படுக்கைப்புண்ணும் நிமோனியாவும் காத்திருப்பதில்லை.

நம்மால் என்ன கூடும்? 1999-ல் அமெரிக்காவில் 70 வயதும் அதற்கு மேலும் உள்ள 852 பேரைக்கொண்ட ஆய்வு ஒன்று வெளியானது. ஆபரேஷன் நோயாளிகள் அல்ல, பொது வார்டில் இருந்தவர்கள். இன்ன நாள், இன்ன இடம் என்று அடிக்கடி சொல்வது, இரவில் தூங்கவிடுவது, எழுப்பி நடத்துவது, கண்ணாடியும் காது மெஷினும் கொடுப்பது, தண்ணீர் குடிக்கவைப்பது, இவ்வளவே. குழப்பம் நூற்றுக்கு 15-லிருந்து 10 ஆகக் குறைந்தது! ஆகையால் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் கொண்டுவருகிறவர்கள் தாத்தாவின் மூக்குக்கண்ணாடியை முதலில் கொண்டுவாருங்கள். பழகிய முகம் ஒன்று இரவிலும் அருகிலிருக்கட்டும். "நேற்று என்ன சாப்பிட்டீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்" என்று பரீட்சை வைக்காதீர்கள். தினமும் சாப்பிடும் தூக்க மாத்திரையையும் மதுப்பழக்கத்தையும் மயக்க மருந்து டாக்டரிடம் மறைக்காதீர்கள்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாயிருந்தாலும் சொல்கிறோம். குழம்பிய நிலையில் இருக்கிறவரிடம் வீட்டுப் பத்திரத்தை நீட்டிக் கைநாட்டு வாங்க வருகிறவர்கள் உண்டு. வார்டு சிஸ்டர் அவர்களை வெளியே நிறுத்தினால் கோபிக்க வேண்டாம். தெளிவு வந்துவிட்டது என்று டாக்டர் சொன்னபின் வாருங்கள்.