மலிவுக் காலத்துத் தக்காளி

மாரி மழை ஓய்ந்து மாசி, பங்குனி மாதங்கள் பிறந்ததும் சுன்னாகம், திருநெல்வேலி முதலிய சந்தைகளிலே தக்காளிப்பழம் குவியத் தொடங்குகின்றது. விலை இறங்க, தோட்டக்காரரின் மனம் சோர்கின்றது. நாமோ கறிக்குப் புளிப்பூட்ட ஒன்றிரண்டு பழங்களை வாங்குவதோடு நின்றுவிடுகிறோம். அப்பழம் செய்யக்கூடிய பெரிய உதவி வேறொன்றுண்டு.

தென்னமெரிக்காவின் மேற்குப் பகுதியிலே தோன்றிய இச்செடியை மெக்சிக்கோ நாட்டு மக்கள் பயிரிட்டு வளர்த்தனர். 16ஆம் நூற்றாண்டில் இசுப்பானியர் அதனை ஐரோப்பாவுக்குக் கொண்டு சென்றனர். கத்தரியும் மிளகாயும் உருளைக்கிழங்கும் இதன் குடும்பத்தைச் சேர்ந்தவையே.

100 கிராம் பழத்தில் ஏறத்தாழ 94 கிராம் நீராகும். விற்றமின் சீ சுமார் 14 மில்லிகிராம் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் 2004இல் வெளியிட்ட நூல் கூறுகின்றது. ஆகவே ஒரு நடுத்தரப் பழம் அத்தேவையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கை நிறைவு செய்கின்றது.

இனி, முக்கியமான செய்திக்கு வருவோம். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை நமது உடல் எளிதில் ஏற்பதில்லை. அதே வேளையில் விற்றமின் சீ உட்கொள்ளப்படின், அச்சத்து மிகுதியாக உறிஞ்சப்படும். வளரும் பிள்ளைகளுக்கும், சிறப்பாகப் பருவமெய்திய பெண் பிள்ளைகளுக்கும் இரும்புச் சத்து அதிகம் வேண்டும். அது குறைந்தாற் குருதிச்சோகை உண்டாகும், சோர்வு மிகும், பாடத்திலே கருத்து ஊன்றாது. படிப்பிற் பின்தங்கும் பிள்ளையைச் சோம்பேறி என்று கடிந்துகொள்ளுமுன், அதன் உணவைப் பற்றியும் பெற்றோர் சிந்தித்தல் நன்று.

முருங்கையிலை வறையும் பருப்புக்கறியும் சமைக்கும் நாளிலே, பச்சைத் தக்காளிப்பழத்தை வெங்காயத்துடன் அரிந்து, சிறிது உப்பிட்டுச் சம்பலாகப் பரிமாறுங்கள். சூடு விற்றமின் சீயைக் குறைக்குமாதலால், இதற்குச் சமைக்காத பழமே சிறந்தது. உணவோடு தேநீர் அருந்தும் வழக்கத்தையும் கைவிடுதல் வேண்டும். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்புச் சத்தைத் தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழித்து அருந்தலாம்.

சமைத்த தக்காளி பயனற்றதென்று எவரும் எண்ணவேண்டாம். பழத்துக்குச் செந்நிறம் தரும் இலைக்கோப்பீன் என்னும் பொருளை, சிறிது எண்ணெயுடன் சமைத்தபோதே உடல் நன்கு ஏற்கின்றது. ஆதலாற் சம்பலும் வேண்டும், குழம்பும் வேண்டும்.

பழங்களைக் குளிர்சாதனப் பெட்டியில் நெடுநாள் வைத்தல் நன்றன்று. 5 பாகை செல்சியசில் ஏழு நாள் வைத்த பழங்கள் இழந்த மணத்தை முழுமையாக மீளப் பெறவில்லை என அமெரிக்க ஆய்வாளர் 2016இல் கண்டனர். வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் வைத்து, கனியக் கனிய எடுத்து உண்ணுங்கள். சிறுநீரக நோயுள்ளோர் மட்டும் வைத்தியரின் ஆலோசனையைப் பெறுதல் வேண்டும்.

மலிவான காலத்திலே ஒரு கிலோ கூடுதலாக வாங்குவோமாயின், தோட்டக்காரரின் உழைப்புக்கும் பயன் கிட்டும். நம் பிள்ளைகளின் உடலுக்கும் வலுச் சேரும்.