காலநிலை மாற்றம்: வகுப்பறைக்கு ஐந்து கேள்விகள்

(ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களில் பெய்த மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். அப்பகுதியில் ஓராண்டில் பெய்யும் சராசரி மழையை விடவும் அது அதிகம். பள்ளி மீண்டும் திறந்ததும், ஏழாம் வகுப்பில் ஆளுக்கொரு தாள் கொடுத்து, "இவ்வளவு மழை ஏன் பெய்தது? தெரிந்ததை எழுதுங்கள்" என்றேன்.

ஒரு மாணவன் "ஓசோனில் ஓட்டை விழுந்ததால்" என்று எழுதியிருந்தான். இன்னொருவன், "சுனாமி மாதிரி இதுவும் காலநிலை மாற்றம்" என்று எழுதியிருந்தான். வெள்ளத்தில் புத்தகப் பையை இழந்த ஒரு மாணவி எழுதியது இது: "நாங்கள் நெகிழிப் பை பயன்படுத்தியதால்தான் மழை இப்படிப் பெய்தது."

முதல் இரண்டு விடைகளையும் திருத்திவிட்டேன். மூன்றாவதைத் திருத்தக் கை வரவில்லை. தன் வீட்டுக்குள் புகுந்த வெள்ளத்துக்குத் தானே காரணம் என்று அந்தக் குழந்தை நம்பிக்கொண்டிருந்தது. நெகிழி ஒழிப்பு, மரம் நடுவிழா, ஓசோன் தினம் என எல்லாவற்றையும் 'சுற்றுச்சூழல்' என்ற ஒரே மூட்டையாகக் கட்டிக் கொடுத்தவர்கள் நாம்தானே? தெருவில் கிடக்கும் நெகிழிப் பை வடிகாலை அடைக்கும். வெள்ளம் வடியாமல் தேங்கும். அது உண்மை. ஆனால் அந்தப் பை மழையைக் கூட்டுவதில்லை. இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுப்பது நம் கடமை.

அதன் பிறகு நான் இந்தப் பாடத்தை ஐந்து கேள்விகளாகப் பிரித்து நடத்தத் தொடங்கினேன். அவற்றை உங்கள்முன் வைக்கிறேன்.

1. வானிலை வேறா, காலநிலை வேறா?

நமக்குத் தெரிந்த வருகைப் பதிவேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இன்று எத்தனை பேர் வரவில்லை என்பது வானிலை. முப்பது ஆண்டுப் பதிவேடுகளைப் புரட்டி, எந்த மாதத்தில் வருகை குறையும் என்று சொல்வது காலநிலை. "ஊட்டியில் உறைபனி விழுகிறதே, உலகம் எங்கே சூடாகிறது?" என்று மாணவர் கேட்டால், ஒரு நாள் பக்கத்தைக் காட்டிப் பதிவேட்டை மறுக்க முடியாது என்று விளக்கலாம். தொடக்க வகுப்புகளுக்கு ஒரு வெப்பமானியும் மழைமானியும் போதும். தினமும் ஒரே நேரத்தில், நிழலில் அளந்து எழுதி வரட்டும். அந்தப் பதிவேட்டை அடுத்த ஆண்டு வகுப்புக்குக் கையளியுங்கள்.

2. காற்று எப்படி வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது?

மார்கழியில் வானம் தெளிவாக இருக்கும் இரவில் குளிர் அதிகம். மேகம் மூடிய இரவில் குறைவு. இது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். பூமி வெளிவிடும் வெப்பத்தை மேகம் உறிஞ்சி, ஒரு பகுதியைத் திரும்பக் கீழே அனுப்புகிறது. கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், நீராவி ஆகியவையும் கண்ணுக்குத் தெரியாமல் இதே வேலையைச் செய்கின்றன. இவை அறவே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பநிலை இன்றுள்ள சுமார் 15 டிகிரிக்குப் பதிலாக மைனஸ் 18 டிகிரியாக இருக்கும். ஆகவே பசுமை இல்ல வாயு கெட்டது என்று சொல்லித் தரக் கூடாது. அளவு கூடுவதுதான் சிக்கல்.

வெயிலில் நிறுத்திய காரை உதாரணம் காட்டுகிறோம். கார் சூடாவதற்கு முக்கியக் காரணம் உள்ளிருக்கும் சூடான காற்று வெளியேற முடியாததே. எனவே அது ஓர் ஒப்புமை மட்டும் என்று சொல்லிவிடுங்கள். ஓசோன் ஓட்டையையும் இங்கேயே பிரித்துவிடுங்கள். ஓசோன் படலம் புறஊதாக் கதிரைத் தடுப்பது. அது மெலிவது வேறு சிக்கல். அதற்கு 1987ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒப்பந்தம் வழி கண்டது.

3. மனிதர்கள்தான் காரணம் என்று எப்படித் தெரியும்?

கார்பன் டை ஆக்சைடு நிரப்பிய கண்ணாடிக் குழாய் வெயிலில் அதிகம் சூடாவதை 1856இல் யூனிஸ் ஃபுட் என்ற அமெரிக்கப் பெண்மணி சோதித்துக் காட்டினார். 1958 முதல் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அந்த வாயுவைத் தொடர்ந்து அளந்து வருகிறார்கள். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்தது, இன்று 420ஐத் தாண்டிவிட்டது. நிலக்கரி, பெட்ரோலியம், எரிவாயு ஆகியவற்றை எரித்ததே இதற்கு முதன்மைக் காரணம்.

"சூரியனே சூடாகியிருக்கக் கூடாதா?" என்று மேல்நிலை மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. சூரியன் காரணமென்றால் வளிமண்டலத்தின் கீழடுக்கும் மேலடுக்கும் சேர்ந்தே சூடாக வேண்டும். உண்மையில் கீழடுக்கு சூடாகிறது. அதற்கு மேலுள்ள அடுக்கு மண்டலம் குளிர்ந்து வருகிறது. வெப்பம் கீழேயே பிடித்து வைக்கப்படுகிறது என்பதற்கு இது சான்று.

4. அதனால் என்ன ஆகும்?

1850–1900 கால சராசரியை விட 2011–2020இல் உலகம் சுமார் 1.1 டிகிரி சூடாக இருந்தது. "ஒரு டிகிரிதானே" என்பார்கள். ஒரு டிகிரி கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியை வைத்திருக்க முடியும். கனமழை மேலும் கனமாவதற்கு இதுவே வழி. ஆனால் காயல்பட்டினத்து மழையைக் காலநிலை மாற்றம் மட்டுமே கொண்டு வந்தது என்று சொல்லாதீர்கள். இத்தகைய மழைக்கான வாய்ப்பு கூடுகிறது என்று சொல்லுங்கள். கடலடி நிலநடுக்கத்தால் வந்த 2004 சுனாமிக்கும் இதற்கும் தொடர்பில்லை.

கடல்மட்டம் உயர்வதைக் காட்ட இரண்டு கண்ணாடி டம்ளர்கள் போதும். ஒன்றில் நீரில் பனிக்கட்டியை மிதக்க விடுங்கள். மற்றொன்றில் நீர்மட்டத்துக்கு மேல் தலை நீட்டும் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் பனிக்கட்டியை வையுங்கள். இரண்டிலும் நீர்மட்டத்தைக் குறித்து, உருகும்வரை காத்திருங்கள். முதலாவதில் மட்டம் மாறாது, இரண்டாவதில் உயரும். கிரீன்லாந்திலும் அண்டார்டிகாவிலும் நிலத்தின்மேல் கிடக்கும் பனியைப் பற்றி ஏன் கவலைப்படுகிறோம் என்பதை மாணவர்களே சொல்வார்கள். கடல்நீர் சூடாகி விரிவடைவதும் மற்றொரு காரணம் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம்.

5. என்ன செய்யலாம்?

மரம் நடுவோம். ஆனால் பாடத்தை அதோடு முடித்துவிட வேண்டாம். கோடிக்கணக்கான ஆண்டுகள் புதைந்து கிடந்த கரியை எரித்துக்கொண்டே மரம் மட்டும் நட்டு ஈடுகட்ட முடியாது. முப்பந்தல் காற்றாலைகளையும் கமுதி சூரிய மின் நிலையத்தையும் பற்றிப் பேசுங்கள். நெல்வயலில் எப்போதும் நீர் தேங்கி நின்றால் மீத்தேன் உண்டாகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டினால் அது குறைகிறது. இதைத் தன் தந்தையிடம் கேட்டு வர ஒரு மாணவரால் முடியும். பிச்சாவரம், முத்துப்பேட்டை அலையாத்திக் காடுகளையும் புயல் எச்சரிக்கையையும் பற்றிச் சொன்னால், தற்காத்துக்கொள்ளவும் வழியுண்டு என்பது புரியும்.

பொறுப்பின் அளவையும் நேர்மையாகச் சொல்லுங்கள். ஓர் இந்தியர் சராசரியாக வெளியிடும் கார்பன் டை ஆக்சைடு, உலகச் சராசரியில் பாதிக்கும் குறைவு. அரசு விடுமுறையில்கூட மதிய உணவை எண்ணிப் பார்க்கும் பிள்ளையிடம், உலகைச் சூடாக்கியது நீதான் என்று சொல்ல நமக்கு உரிமை இல்லை.

ஆசிரியப் பெருமக்களே, அச்சுறுத்தினால் குழந்தை காதைப் பொத்திக்கொள்ளும். குற்றம் சாட்டினால் தலை குனிந்துகொள்ளும். காரணத்தைச் சொல்லிக் கொடுத்தால் அடுத்த கேள்வியைக் கேட்கும்.

டம்ளர் சோதனையைச் செய்த அன்று அந்த மாணவி என்னிடம் வந்து, "அப்போ எங்க வீட்டுக்குத் தண்ணி வந்ததுக்கு நாங்க காரணம் இல்லையா சார்?" என்று கேட்டாள். "மழைக்கு இல்லையம்மா. வாய்க்கால் அடைத்தது பற்றி நாளைக்குப் பேசுவோம்" என்றேன். மறுநாள் அந்த வகுப்பு, தெரு வாய்க்கால் எங்கெங்கே அடைபட்டிருக்கிறது என்று வரைபடம் போட்டது. படத்தை வரைந்தவள் அவள்தான்.