ஒரு தலைமயிரின் சாட்சியம் போதுமா?

(மறிச்சுக்கட்டியில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மன்னார்க் கடலோரம் முன்னாளில் முத்தினாற் பெயர் பெற்றது. இன்றோ கடல் கடந்து வரும் கேரளக் கஞ்சாவும், 'ஐஸ்' என்னும் நஞ்சும் அப்பெயரைக் கெடுக்கின்றன. நம் இளைஞரைக் காக்க வேண்டும் என்பதில் நமக்குள் இரு கருத்தில்லை. ஆயின், தலைமயிரைச் சோதித்தே குற்றவாளியைக் கண்டுவிடலாம் என எவரும் கூறுமிடத்து, அச்சோதனையின் வலிமையையும் குறையையும் நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

பெரும்பாலான போதைப்பொருள்களின் தடம் சிறுநீரிற் சில நாட்களே நிற்கும். தலைமயிரோ மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்ரிமீற்றர் வளர்வது. குருதி வழியே மயிர்வேரை அடைந்த பொருள் மயிரோடு சேர்ந்தே வளர்கின்றது. எனவே, தோலோரம் வெட்டிய 3 அல்லது 4 சென்ரிமீற்றர் மயிர் சுமார் 90 நாள் வரலாற்றைக் கூறும். இது இச்சோதனையின் பெருமை.

சிறுமையும் உண்டு. கருமயிரிலுள்ள நிறமி சில போதைப்பொருள்களை அதிகமாகப் பற்றிக்கொள்ளும். நம்மவர் தலையோ கருந்தலை. போதைத்தூளைத் தொட்ட கை தலையிற் பட்டாலும் தடம் ஒட்டலாம். கஞ்சாவோ மயிரில் மிகச் சொற்பமாகவே சேரும். ஆதலால், உண்டவன் தப்பவும் உண்ணாதவன் அகப்படவும் இடமுண்டு.

நம்மவர் பல்லாயிரவர் வாழும் கனடாவின் ரொறன்ரோ நகரில் நடந்ததைக் கேளுங்கள். அங்குள்ள சிறுவர் மருத்துவமனையின் 'மதரிஸ்க்' ஆய்வுகூடம் தந்த மயிர்ச் சோதனை முடிவுகளை நம்பி, பெற்றோரிடமிருந்து பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர். அம்முடிவுகள் நம்பத்தகாதவை என 2015 இல் நீதியரசர் சூசன் லாங் அறிவித்தார். 2018 இல் வெளியான ஆணைக்குழு அறிக்கை, ஆராய்ந்த 1,271 வழக்குகளில் 56 இல் அச்சோதனை தீர்ப்பையே பெரிதும் பாதித்தது என்றது. பிரிந்த பிள்ளையை எந்த அறிக்கை மீட்டுத் தரும்?

ஆகவே நாம் கேட்பவை நான்கு: முதற் சோதனையில் தடம் தெரிந்தால், நுண்கருவி கொண்டு மறுசோதனை செய்து உறுதிப்படுத்துக. மாதிரியில் ஒரு பகுதியை எதிர்த்தரப்புக்கென ஒதுக்கி வைக்க. மயிரை மட்டும் நம்பி எவரையும் தண்டியாதொழிக. சம்மதப் பத்திரமும் முடிவறிக்கையும் தமிழில் தருக. 1987 இல் நிறைவேறிய 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரசகரும மொழியே. இது நாம் இரந்து கேட்கும் சலுகையன்று.

நஞ்சை ஒழிப்போம், அதன் பெயரால் நிரபராதியைப் பலியிட ஒருப்படோம்!