பரதேசத்தில் ஓர் ஆறு பாய் அறை

(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் குடும்ப சந்திப்பில் ஆற்றிய உரை)

 

நாம் இன்று கூடியிருக்கும் மட்டாஞ்சேரி, வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இடம் கொடுத்த ஊர். இங்குள்ள யூத ஜெபாலயம் 1568-ல், கொச்சி ராஜா தம் அரண்மனைக்குப் பக்கத்தில் கொடுத்த நிலத்தில் கட்டப்பட்டது. அதற்குப் பெயரே பரதேசி ஜெபாலயம்தான். கோவாவிலிருந்து வந்த கொங்கணிகளுக்கும், பின்னால் வந்த குஜராத்திகளுக்கும் இங்கே தெருவும் கோயிலும் உண்டு. கேரளத்தில் நம் முன்னோர்களையும் பரதேசப் பிராமணர்கள் என்றே சொன்னார்கள். இப்போது நம் குழந்தைகளின் முறை. அமெரிக்கா, ஜெர்மனி என்று போனவர்களோடு, ஜப்பானுக்குப் படிக்கப் போகிறவர்களும் நம் குடும்பங்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வாடகையில் ஓர் அறை எப்படிக் கிடைக்கும் என்பதைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

எனக்கு இதில் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். நான் வங்கியில் கல்விக் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். என் பேத்தி 2023 அக்டோபரில் ஃபுகுவோகாவில் முதுகலை படிக்கச் சேர்ந்தாள். ஆகவே கணக்கையும் பார்த்தேன், கஷ்டத்தையும் பார்த்தேன்.

முதலில் கணக்கு. ஜப்பானில் மாத வாடகை ஒன்று. உள்ளே நுழைவதற்கான செலவு வேறு ஒன்று. மாணவர்களைத் திணற வைப்பது இந்த இரண்டாவதுதான். 'ஷிகிகின்' என்பது நம் ஊர் அட்வான்ஸ் மாதிரி; காலி செய்யும்போது பழுதுச் செலவு போக மீதி திரும்பி வரும். 'ரெய்கின்' என்பது வீட்டுக்காரருக்குக் கொடுக்கும் நன்றிப் பணம், திரும்பி வராது. பஜாரில் கடை எடுத்தவர்களுக்குப் 'பகடி' என்றால் சட்டென்று புரியும். கிட்டத்தட்ட அதன் தங்கை. இவை தவிர தரகர் கமிஷன், முன்கூட்டிய வாடகை, ஜாமீன் கம்பெனிக்கான கட்டணம், தீ விபத்துக் காப்பீடு எல்லாம் உண்டு.

உதாரணமாக மாதம் 50,000 யென் வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஷிகிகின் 50,000, ரெய்கின் 50,000, தரகர் கமிஷன் வரியோடு 55,000, முதல் மாத வாடகை 50,000, ஜாமீன் கம்பெனிக்கு 25,000, காப்பீட்டுக்கு 20,000. மொத்தம் 2,50,000 யென். அதாவது ஐந்து மாத வாடகை. ஒரு யென் அரை ரூபாய்க்குச் சற்று மேல் என்று பார்த்தால் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் ரூபாய். இவ்வளவும் கொடுத்துக் கதவைத் திறந்தால், பெரும்பாலும் வெறும் அறை. விளக்கு, அடுப்பு, ஃப்ரிட்ஜ், படுக்கை எல்லாம் நாமே வாங்க வேண்டும்.

2001-ல் வந்த மாதிரிக் கல்விக் கடன் திட்டத்திலேயே விடுதிக் கட்டணத்துக்கு இடம் உண்டு. கல்லூரி ரசீதோடு வருகிற கட்டணங்களை வங்கி பொதுவாக ஏற்றுக்கொள்ளும். ஆனால் தனியார் வீட்டுக்காரருக்குத் தரும் நன்றிப் பணத்துக்கு ஒரு மானேஜரிடம் கடன் கேட்டுப் பாருங்கள், தலையைச் சொறிவார். இந்தத் தொகையைக் குடும்பம் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதே உத்தமம். பகுதி நேர வேலை இருக்கிறதே என்பார்கள். அனுமதி வாங்கிக்கொண்டு வாரத்துக்கு 28 மணி நேரம் வரை மாணவர் வேலை செய்யலாம். ஆனால் வேலை கிடைத்து முதல் சம்பளம் கைக்கு வர மாதங்கள் ஆகலாம். அறையோ முதல் நாளே வேண்டும்.

இரண்டாவது கஷ்டம் ஜாமீன். 'யாருக்கும் ஜாமீன் கையெழுத்துப் போடாதே' என்று நம் பெரியவர்கள் நமக்குச் சொல்லி வளர்த்தார்கள். ஜப்பானில் வீடு எடுக்க அப்படி ஒரு கையெழுத்துத்தான் வேண்டும். அங்கே கூட்டு ஜாமீன்தாரர் என்றால், வாடகை பாக்கிக்கு வீட்டுக்காரர் நேராக அவரிடமே கேட்கலாம். நேற்று வந்த பிள்ளைக்கு யார் அப்படிப் போடுவார்கள்? அதனால்தான் ஜாமீன் கம்பெனிகள் பெருகின. சில பல்கலைக்கழகங்கள், மாணவர் ஒரு குறிப்பிட்ட காப்பீடு எடுத்துக்கொண்டால் தாங்களே ஜாமீன் நிற்கின்றன. சேருமுன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

பணமும் ஜாமீனும் இருந்தும் சில இடங்களில் 'வெளிநாட்டவருக்குக் கிடையாது' என்பார்கள். ஜப்பானிய நீதி அமைச்சகத்துக்காக எடுத்து 2017 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் வீடு தேடிய வெளிநாட்டவர்களில் 39.3 சதவீதம் பேர், வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகச் சொன்னார்கள். என் பேத்திக்கும் இது நேர்ந்தது. முதல் ஆண்டு பல்கலைக்கழக விடுதியில் இருந்தாள். அந்த விடுதியில் ஒரு வருஷம்தான். பிறகு வெளியே ஆறு அறைகள் விசாரித்தாள். நான்கு இடங்களில், பார்க்கக்கூட விடவில்லை. 'தாத்தா, என்னைப் பார்க்காமலே எப்படி வேண்டாம் என்கிறார்கள்?' என்று தொலைபேசியில் கேட்டாள். படிப்பை விட்டுவிட்டு வந்துவிடலாமா என்று கூட அந்த வாரம் வீட்டில் பேச்சு நடந்தது. நம் ஊரிலும் வாடகைக்கு விடும்போது ஜாதி, மதம், சாப்பாடு பார்த்து 'இல்லை' என்று சொல்கிறோம். அந்தச் சொல் எதிர்ப்பக்கம் எப்படிக் கேட்கும் என்று அன்று எனக்குப் புரிந்தது.

கடைசியில் வழி எங்கே பிறந்தது? மாணவர் கூட்டுறவு சங்கத்தில். ஜப்பானில் பல பல்கலைக்கழகங்களில் 'சேக்யோ' என்னும் கூட்டுறவு சங்கம் உண்டு. சாப்பாட்டுக்கூடம், புத்தகக்கடை நடத்துவதோடு, பல இடங்களில் மாணவர்களுக்கு அறையும் பார்த்துக் கொடுக்கிறது. மாணவர்களுக்கு விட்டுப் பழகிய வீட்டுக்காரர்கள் அங்கே பதிந்திருக்கிறார்கள். ரெய்கின் இல்லாத ஒரு பழைய அறை அவளுக்கு அப்படித்தான் கிடைத்தது.

இந்த அனுபவத்திலிருந்து நான் சொல்லக்கூடிய வரிசை இது. முதலில் பல்கலைக்கழக விடுதி. சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விடுதி மனுவைப் பாருங்கள்; கடைசித் தேதி முன்னாலேயே முடிந்துவிடும். பெப்புவில் உள்ள ரிட்சுமெய்கான் ஆசிய பசிபிக் பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் முதல் ஆண்டு வெளிநாட்டு மாணவர்களுக்கு வளாகத்தில் விடுதி இருக்கிறது. விடுதி கிடைக்காவிட்டால் கூட்டுறவு சங்கம். அதன் பிறகு, பலர் சமையலறையைப் பகிர்ந்துகொள்ளும் ஷேர் ஹவுஸ். இதில் நுழைவுச் செலவு குறைவு, சாமான்களும் இருக்கும். இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் 'யு.ஆர்.' என்னும் அரசு சார்ந்த வீட்டு வசதி நிறுவனத்தைப் பார்க்கலாம். அங்கே ரெய்கின், கமிஷன், ஜாமீன், புதுப்பிப்புக் கட்டணம் நான்கும் கிடையாது. ஆனால் வருமானமோ சேமிப்போ காட்ட வேண்டும்.

ஊரையும் மாதத்தையும் பாருங்கள். டோக்கியோவை விட ஃபுகுவோகா, செண்டாய், சப்போரோ போன்ற ஊர்களில் வாடகை கணிசமாகக் குறைவு. ஜப்பானில் கல்வியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் பிப்ரவரி, மார்ச்சில் நாடே வீடு மாறும். அக்டோபரில் சேர்பவர்களுக்கு அந்த நெரிசல் இல்லை.

மாமிகள் கேட்க நினைக்கும் விஷயத்துக்கு வருகிறேன்: சமையல். அங்கே காய்கறி சூப் என்று எழுதியிருந்தாலும் அடியில் மீன் சாறு இருக்கும். சுத்த சைவம் வெளியே சாப்பிடுவது சிரமம், செலவும் அதிகம். ஆகவே அடுப்பு இல்லாத மலிவான அறை நம் பிள்ளைகளுக்கு மலிவே இல்லை. ஓர் அடுப்பாவது, நல்ல எக்ஸாஸ்ட் ஃபேனாவது இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு அறை எடுக்கச் சொல்லுங்கள். பருப்பும் அரிசியும் வேகும் வாசனைக்கு யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். கடுகு தாளித்து மிளகாய் வற்றலைக் கருக விட்டால் பக்கத்து அறை தும்மும்.

விளம்பரத்தைப் படிக்கவும் தெரிய வேண்டும். அறையின் அளவை 'ஜோ' என்பார்கள். ஒரு தத்தாமி பாயின் அளவு. விளம்பர விதிப்படி ஒரு ஜோ குறைந்தது 1.62 சதுர மீட்டர். ஆறு பாய் அறை சுமார் 105 சதுர அடி, நம் ஆத்து பூஜை அறையை விடக் கொஞ்சம் பெரிது. ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷம் என்றால் நிமிஷத்துக்கு 80 மீட்டர் என்று கணக்கு. அதாவது 800 மீட்டர். பழைய கட்டடம் மலிவு. ஆனால் நிலநடுக்க தேசம் அது. 1981 ஜூனில் புதிய கட்டட விதி வந்தது. அதற்குப் பிந்தைய கட்டடமா என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம்.

உள்ளே போன அன்றே சுவர், தரை, குழாய் எல்லாவற்றையும் தேதியோடு படம் எடுத்து வைக்கட்டும். 2020 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த திருத்திய சிவில் சட்டத்தில், சாதாரணமாகப் புழங்கியதால் ஏற்பட்ட தேய்மானத்தைச் சரிசெய்வது குடியிருப்பவர் பொறுப்பாகாது என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். முன்பணம் திரும்ப வாங்க அந்தப் படங்கள் உதவும். குடியேறிய 14 நாட்களுக்குள் வட்டார அலுவலகத்தில் முகவரி பதிய வேண்டும் என்பதையும் மறக்கக்கூடாது. வங்கிக் கணக்குக்கும் அந்த முகவரிதான் ஆதாரம்.

இனி நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். கொச்சி, திருவிதாங்கூர் ராஜ்யங்களில் ஊட்டுப்புரைகள் இருந்தன. தமிழ்நாட்டில் வாரச் சாப்பாடு இருந்தது; ஏழைப் பையன் திங்கட்கிழமை ஒரு ஆத்தில், செவ்வாய்க்கிழமை இன்னொரு ஆத்தில் சாப்பிட்டுப் படித்தான். நம் தாத்தாக்கள் பலர் அப்படிப் படித்தவர்கள்தான்.

இப்படி யோசித்தவர்கள் நாம் மட்டும் இல்லை. சென்னையில் ஜப்பானிய மொழி கற்பிக்கும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். தோசோகாய் பலருக்கும் தெரிந்த பெயர். ஏ.பி.கே. என்பது ஆசியா புங்கா கைக்கான். டோக்கியோவில் 1960-ல் திறந்த விடுதி. ஹோசுமி கோயிச்சி என்பவர் முன்னின்று 1957-ல் தொடங்கிய ஆசிய மாணவர் சங்கம், நம்மைப் போன்ற நாடுகளிலிருந்து வரும் பிள்ளைகளுக்காக அதைக் கட்டியது. தோசோகாய் என்றால் பழைய மாணவர் சங்கம். தங்க இடம் கொடுத்த விடுதியின் பெயர், கடல் கடந்து நம் சென்னையில் ஒரு பள்ளியின் பெயராக நிற்கிறது.

நாம் விடுதி கட்ட வேண்டாம். சுழல்நிதி ஒன்று வைக்கலாம். வெளிநாட்டில் இடம் கிடைத்த பிள்ளைக்கு நுழைவுச் செலவை வட்டியில்லாமல் கொடுத்து, இரண்டு ஆண்டில் தவணையாகத் திரும்ப வாங்கி, அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். தகுதிக்கு மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் குடும்ப நிலையையும் பார்க்க வேண்டும். இரண்டாவதாக, வெளிநாடுகளில் இருக்கும் நம் குடும்பங்களில் சம்மதிப்பவர்களின் விவரத்தைக் காரியதரிசி வைத்துக்கொள்ளட்டும். புதிதாக வரும் பிள்ளைக்கு முதல் மூன்று இரவு தங்க இடமும், தரகரிடம் பேச ஜப்பானிய மொழி தெரிந்த ஒரு துணையும் கிடைத்தால் போதும், பாதி பயம் போய்விடும். மும்பை, சென்னை, கோவை, பாலக்காடு, பெங்களூர் அங்கத்தினர்கள் தங்கள் கருத்தைச் செயற்குழுவுக்கு எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

ஒரு வீட்டுக்காரர் 'இல்லை' என்றதால் ஒரு குழந்தையின் படிப்பு நின்றுவிடக்கூடாது. ஐந்து மாத வாடகை நம்மில் பலருக்குப் பெரிய தொகை. நூறு குடும்பங்கள் சேர்ந்தால் சின்னத் தொகை.